முதியோரோடு வேலை செய்யப் படித்தவர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நீங்கள் வெளியிடும் 'அடுத்து என்ன படிக்கலாம்' பக்கங்களை எங்கள் தெருவில் பல வீடுகளில் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். கொருக்குப்பேட்டையில் முதல் தலைமுறையாகக் காலேஜ் போகிற பிள்ளைகள் அதிகம். வீட்டில் கேட்டால் சொல்ல ஆள் கிடையாது, பேப்பர்தான் வழிகாட்டி. இந்த வருஷமும் ஒரு வரி விடாமல் படித்தேன். இன்ஜினியரிங்கில் எத்தனை பிரிவு, பாராமெடிக்கலில் எத்தனை படிப்பு, எல்லாம் விவரமாக இருந்தது. சமூகப் பணிப் படிப்புக்கு மட்டும் ஒரே வரி: சேவை மனப்பான்மை உள்ளவர்களுக்கு ஏற்றது. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வடசென்னையில் முதியவர்களோடும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற குடும்பங்களோடும் வேலை செய்கிற சமூகப் பணியாளர். சேவை மனப்பான்மைக்கு எங்கள் பக்கம் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. போர்டு வீட்டில், அதாவது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், மூன்றாவது மாடித் தாத்தாவுக்கு மூச்சுத் திணறினால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆட்டோக்காரர் காசு கேட்க மாட்டார். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பாதித் தெரு கூடவே வரும். ஆனால் அதே தாத்தா சில நாள் கழித்து, ஒரு பக்கம் கை கால் விழுந்து, மூக்கில் டியூபோடு வீட்டுக்குத் திரும்புகிறாரே, அப்போதுதான் குடும்பம் தனியாக நிற்கும். இனி வரும் மாசங்களை எப்படி ஓட்டுவது, யார் வேலையை விடுவது, எந்தப் பணத்துக்கு எங்கே எழுதிப்போடுவது, ராத்திரி யார் முழித்திருப்பது? இதையெல்லாம் கூட உட்கார்ந்து பேசி ஒரு வழிக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. அது படித்துப் பழகிச் செய்ய வேண்டிய வேலை. நல்ல மனசு இருந்தால் தொடங்கலாம், அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைக் கரை சேர்க்க முடியாது.

நான் இதற்கு நேர் வழியில் வந்தவள் இல்லை. என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில் தொழிலாளர்களால்தான், பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிக் கேட்ட ஜனம் நாங்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். 1996-இல் மில்லை மூடியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வீட்டை ஓட்டியது ஆயா, அப்பாவின் அம்மா. இராயபுரம் கல்மண்டபம் பக்கம் காய்கறி விற்று என்னைப் படிக்க வைத்தார். பி.காம். முடித்து ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதப் போனேன். சாயந்திரங்களில் வியாசர்பாடியில், பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன்.

பிள்ளை வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது வழக்கம். கதவைத் திறப்பது பெரும்பாலும் ஒரு ஆயாவாக இருக்கும். அம்மா வேலைக்குப் போயிருப்பார், அப்பா குடியால் போய்ச் சேர்ந்திருப்பார், இல்லையென்றால் இருவருமே எங்கோ பிழைக்கப் போயிருப்பார்கள். பேரப்பிள்ளைகளைக் கட்டிக்காப்பது அந்தக் கிழவிதான். கையில் வருவது முதியோர் உதவித்தொகை மட்டும். ஒரு வீட்டில் ஆயா சுகர் மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒரு மாசத்து மாத்திரையை இரண்டு மாசத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். காலில் ஆறாத புண். பேத்தி பள்ளிக்கு வராததற்குக் காரணம் அந்தப் புண்தான். தண்ணீர் பிடிக்க, ரேஷன் வாங்க வேறு ஆள் இல்லை. பிள்ளை படிக்க வேண்டுமானால் முதலில் ஆயாவின் கால் ஆறவேண்டும் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். அதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்காக எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலைப் படிப்பில், சேர்ந்தேன்.

உங்கள் வாசகப் பிள்ளைகளுக்கு ஒரு விவரம். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருஷப் படிப்பு. எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம், பி.காம். படித்த நான் சேர்ந்ததுபோல. பிளஸ் டூ முடித்த உடனே என்றால் மூன்று வருஷ இளநிலைப் படிப்பு பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கியது. லயோலாவிலும் ஸ்டெல்லா மாரிஸிலும் இந்தப் படிப்பு உண்டு. வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையாகவும் இருக்கிறது. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. அதாவது ஆஸ்பத்திரியிலோ குடிசைப் பகுதியிலோ தொண்டு நிறுவனத்திலோ போய் வேலை செய்ய வேண்டும், செய்ததை எழுத வேண்டும், அதை ஒரு மேற்பார்வையாளர் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்பார். வகுப்பில் படித்ததைவிட இந்த இரண்டு நாளில்தான் நான் உருவானேன் என்று சொல்வேன்.

எனக்குக் களப்பணி ஓர் அரசு மருத்துவமனை வார்டில். மேற்பார்வை செய்த அம்மா முதல் வாரமே சொன்னார்: "கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டுப் பேசாதம்மா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு. நீ நின்னா, டாக்டர் ரவுண்ட்ஸ்னு நினைச்சு 'நல்லா இருக்கேன்'னு மட்டும்தான் சொல்லுவாங்க." சின்ன விஷயமாகத் தெரியும். உட்கார்ந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நின்றால் ஒரு பதில், உட்கார்ந்தால் ஒரு வாழ்க்கைக் கதை. அப்புறம், பேசியதை வரிக்கு வரி நினைவிலிருந்து எழுதச் சொல்வார். அவர் என்ன சொன்னார், நீ என்ன கேட்டாய், எங்கே மௌனமாக இருந்தார், அப்போது யாரைப் பார்த்தார். மகனைப் பார்த்தாரா, சுவரைப் பார்த்தாரா. ஒரு தாய் வீட்டில் அடி வாங்குகிறாள் என்பதைப் பல நேரம் வாய் சொல்லாது, அந்தப் பார்வைதான் சொல்லும்.

இன்னொன்றையும் உங்கள் பக்கத்தில் போடலாம். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கென்று முதன்முதலில் தனிப் பிரிவு வந்தது நம்முடைய சென்னை மருத்துவக் கல்லூரியில்தான், 1978-இல், டாக்டர் வ.செ. நடராசன் முயற்சியால். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. எண்ணூரில் இருக்கும் ஆயாவுக்குக் கிண்டி என்பது ஊரின் இன்னொரு கோடி. அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவும், திரும்பி வந்தபின் அந்த டாக்டர் சொன்னதை வீட்டில் நடத்திக் காட்டவும் ஒருவர் வேண்டுமே.

இனி நான் சொல்லப்போகிற குடும்பங்கள் இன்றும் எங்கள் பகுதியில் வாழ்கிறவை. யார் என்று தெரிந்துவிடக்கூடாது என்பதால் அடையாளங்களைத் தவிர்த்திருக்கிறேன். என் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புளியந்தோப்புப் பக்கம் ஒரு வீடு. ஒரே அறை, ஒரு ஓரத்தில் அடுப்பு. பக்கவாதம் வந்த மாமனாரைக் கட்டிலில் போட்டதும் பாதி அறை போய்விட்டது. பிளஸ் ஒன் படிக்கிற பேத்தி தாழ்வாரத்தில் படுத்தாள். மகனுக்குக் காசிமேட்டில் லோடு ஏற்றுகிற ராத்திரி வேலை. மருமகள் விடியற்காலையிலேயே பெரம்பூர் அபார்ட்மென்ட்களுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவள். அவள் போகாவிட்டால் வாடகை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி என்று இரண்டு பக்கத் தாள் கொடுத்திருந்தார்கள், முழுக்க ஆங்கிலம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. படித்துச் சொல்ல யாரும் இல்லை. நான் போனபோது இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, ஓரிடத்தில் உரிந்திருந்தது.

முதல் வேலை, கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியது. குனிந்து குனிந்தே அந்த மருமகளின் இடுப்பு போயிருந்தது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் நர்ஸையும் பிசியோதெரபிஸ்டையும் ஒரே நாளில் வரவழைத்தேன். நர்ஸ் காட்டிக்கொடுத்தார்: இடுப்புக்குக் கீழே ஒரு போர்வையை நாலாக மடித்து விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் போர்வையைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கித் திருப்ப வேண்டும், ஆளை இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் கிழியும். விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. மூக்கு டியூபில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்து அரை மணி நேரம் வரை அப்படியே இருக்க வேண்டும். பேத்தியையும் செய்து பார்க்கச் சொன்னோம். அவள்தான் வேகமாகப் பிடித்துக்கொண்டாள்.

காட்டிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டால் மூன்றாம் நாள் நின்றுபோகும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்கார வைத்தேன். ஊரின் தென்கோடியில் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கிக் குடியேற்றப்பட்ட பெரிய மகன், திருவொற்றியூரில் இருக்கும் மகள், இந்த வீட்டு மகன், மருமகள். இப்படிப்பட்ட கூட்டத்தில் யார் மேல் தப்பு என்று பேச்சு எடுத்தால் பழைய நகைக் கணக்கு வரை போய்விடும். உங்களால் எது முடியும் என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும், சொன்னதை அங்கேயே எழுத வேண்டும். பெரிய மகன், "நான் வந்து பார்த்துக்க முடியாதும்மா, ரெண்டு பஸ் மாறணும், டயப்பர் செலவு என்னோடது" என்றார். மகள் வாரத்தில் இரண்டு பகல் வருவதாகச் சொன்னார். எதிர் வீட்டு ஆயா பகலில் கஞ்சி ஊற்ற ஒத்துக்கொண்டார், அதற்கு ஒரு தொகை. மாசக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தையும் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். கடைசியில் அந்த மருமகளிடம், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. "ஒரு ராத்திரி தூங்கணும்க்கா" என்றாள். சனிக்கிழமை ராத்திரி முழுக்கத் தாத்தாவைப் பார்த்துக்கொள்வது அவள் புருஷனின் பொறுப்பு என்று எழுதினோம். புண் ஆறியது. தாத்தா எழுந்து நடக்கவில்லை. ஆனால் டியூபை எடுத்து, வாயால் சாப்பிட்டு, தன் வீட்டில் தன் ஆட்களோடு இருந்தார்.

மருமகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முதியவர் யாராவது தெருவில் நின்றால் ஊர்வாய் முதலில் மருமகளைத்தான் சொல்லும். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பராமரிக்கக் கடமைப்பட்ட பிள்ளைகள் என்று அதில் மகன், மகள், பேரன், பேத்தி சொல்லப்பட்டிருக்கிறார்கள். மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவள்தான் பெரும்பாலான வீடுகளில் பீத்துணி துவைக்கிறாள். இதை நான் கூட்டங்களில் சொன்னால் ஆண்கள் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

அதே சட்டம் முதியவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதும் பலருக்குத் தெரியாது. வருவாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் தானே எழுதிக் கொடுக்கலாம், வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்று இல்லை. எழுத முடியாதவருக்காக ஒரு அமைப்பும் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். நோட்டீஸ் போன 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் 30 நாள். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக்கொடுத்து, பிறகு கவனிக்காமல் விட்டால், 23-ஆவது பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். அந்தப் பிரிவை முதியவர்களுக்குச் சாதகமாக, தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சட்டம் இப்படி இருக்கிறது. தண்டையார்பேட்டையில் ஒரு அம்மா, சொந்த வீட்டை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்திருந்தார். மனு எழுதட்டுமா என்று கேட்டால், "என் புள்ளைய ஆபீஸ் படி ஏத்திடாதம்மா, ஊர் சிரிக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. மகனைத் தனியாகப் பார்த்தேன். தொழில் நொடித்துக் கந்துவட்டியில் மாட்டியிருந்தான், வீட்டின் உள்ளறையை வாடகைக்கு விட்டதால்தான் அம்மா படிக்கட்டுக்கு வந்தார். அது நியாயமாகிவிடாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அம்மா வேண்டாமென்றாலும் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுக்க முடியும் என்பதையும் சொன்னேன். கடனுக்கு என்ன வழி என்பதையும் அதே உட்காரலில் பேசினேன். வாடகைக்காரர் காலி செய்து அம்மா அறைக்குத் திரும்ப நாலு மாசம் ஆனது. அதுவரை பக்கத்து வீட்டில் படுக்க ஏற்பாடு. வெறும் கண்டிப்போடு போயிருந்தால் அம்மாவைத் தெருவில் விட்டிருப்பான். வெறும் கனிவோடு போயிருந்தால் படிக்கட்டிலேயே விட்டிருப்பான்.

மறதி நோயைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் பக்கம் 'வயசானா மறதி வரத்தானே செய்யும்' என்று விட்டுவிடுகிறார்கள். காசிமேட்டில் ஆயுள் முழுக்க மீன் விற்ற ஒரு ஆயா, விடியுமுன் எழுந்து ஏலத்துக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். வியாபாரத்தை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. மூன்று முறை தொலைந்துபோனார், வீட்டார் பயந்து வெளியே பூட்டுப் போட்டார்கள். பூட்டினால் கதவை இடிப்பார், கத்துவார், பேய் பிடித்துவிட்டது என்று தாயத்தும் கட்டியிருந்தார்கள். மறதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, முதலில் ரத்தத்தில் தைராய்டு, பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லி, மூளை நரம்பு டாக்டரிடம் காட்டவைத்தேன். மறதி நோய்தான் என்று உறுதியானது. வாதாட வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். ஏலம் இல்லை, நீ வியாபாரத்தை விட்டாச்சு என்று சொல்லச் சொல்ல ஆயாவுக்குக் கோபம்தான் ஏறும். பழைய மீன் கூடையைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தாள் மகள். அந்த நேரத்தில் கூடவே தெருமுனை வரை ஒரு நடை. டீக்கடையில் ஒரு டீ. "இன்னைக்கு வரத்து இன்னா?" என்று ஆயா கேட்பார். டீக்கடைக்காரர் வஞ்சிரம் இவ்வளவு, சங்கரா இவ்வளவு என்று ஏதோ ஒரு விலை சொல்வார். திரும்பி வந்து படுத்துக்கொள்வார். ஆட்டோ ஸ்டாண்டிலும் பக்கத்துப் போலீஸ் பூத்திலும் ஆயா போட்டோவையும் மகளின் நம்பரையும் கொடுத்துவைத்தோம். ரவிக்கை உட்பக்கத்தில் நம்பரைத் துணியில் எழுதித் தைத்தார்கள். பூட்டு எடுக்கப்பட்டது.

முதியவர்களுக்கான திட்டங்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. முதியோர் உதவித்தொகை 1962-இலேயே தொடங்கியது. 2023 ஆகஸ்டிலிருந்து ஆயிரம் ரூபாய் 1,200 ஆனது. அறுபது வயதானவர்களுக்கு மாநகரப் பேருந்தில் இலவச டோக்கன் உண்டு. வயது முதிர்ந்தவர்களின் வீட்டுக்கே ரேஷன் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. 14567 என்ற எண்ணில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை முதியோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் திட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவே எத்தனை இடைவெளி! ஆயுள் முழுக்க இறால் உரித்த விரலில் ரேகை இருக்காது, மெஷின் ஏற்காது. ஆதாரில் ஒரு வயது, வோட்டர் கார்டில் ஒரு வயது. உயிர்வாழ் சான்று கொடுக்காததால் மில் பென்ஷன் நின்றுபோயிருக்கும். ரேகை விழாவிட்டால் முகத்தைக் காட்டி மொபைலிலேயே அந்தச் சான்றைக் கொடுக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவை ஒவ்வொன்றும் எங்கள் அன்றாடம். சலிப்பான வேலை என்று படிக்க வருகிறவர்கள் நினைக்கலாம். நின்றுபோன பென்ஷன் திரும்பி வந்த அன்றைக்கு ஒரு தாத்தா கடைக்குப் போய்ப் பேரனுக்குத் தன் காசில் பிஸ்கட் வாங்குவதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு எல்லாம் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றது. எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. படுக்கையில் இருப்பவர் யார், எந்த மாடி, இன்சுலின் போடுகிறவர் யார், ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர் யார் என்ற பட்டியல் எங்கள் கையில் இருந்ததால் படகு வந்ததும் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்ல முடிந்தது. கரென்ட் இல்லாத வீடுகளில் இன்சுலினை டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னோம். வருஷம் முழுக்க வீட்டு வாசல் ஏறியவர்களிடம்தான் அந்தப் பட்டியல் இருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் நிபுணர் குழு கணிப்பில் 2021-இல் அது 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்தபடி. இவ்வளவு பேருக்கு மாத்திரை கொடுக்க ஏற்பாடு இருக்கிறது, கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரத்தான் ஆள் போதவில்லை. அதனால் அரசுக்கு என் கோரிக்கை: மாநகராட்சியின் வட பகுதி மண்டலங்களான திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆறிலும், ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முதியோருக்கும் அவர்களைக் கவனிக்கும் குடும்பங்களுக்கும் என்று படித்த சமூகப் பணியாளர் ஒருவரை நிரந்தரப் பணியிடத்தில் போடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து படுத்த படுக்கையாக ஒருவரை அனுப்பும்போது, அவர் வீடு சேருமுன்னே அந்தப் பணியாளருக்குத் தகவல் போகவேண்டும். 2025-26 பட்ஜெட்டில் 25 'அன்புச்சோலை' பகல்நேர மையங்களுக்கு 10 கோடி ரூபாய் அறிவித்தார்கள், மிக நல்ல காரியம். எங்கள் பகுதியில் மண்டலத்துக்கு ஒன்று என்று வந்தால் எத்தனையோ மருமகள்களுக்கும் மகள்களுக்கும் பகலில் மூச்சு விட நேரம் கிடைக்கும். அந்த மையங்களிலும் கேரம் போர்டு, டிவியோடு நிறுத்தாமல் ஒரு சமூகப் பணியாளரை வையுங்கள்.

படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு: தொடக்கத்தில் சம்பளம் குறைவுதான், பல இடங்களில் ஒப்பந்த வேலைதான். இதை மறைத்துக் கூப்பிடுவது தப்பு. ஆனால் மருத்துவமனைகள், மனநல நிறுவனங்கள், மறதி நோய் மையங்கள், வீட்டுக்கு வந்து பார்க்கும் பராமரிப்பு நிறுவனங்கள் என்று வாய்ப்பு விரிந்துகொண்டே போகிறது. ஆண்பிள்ளைகள் அதிகம் வரவேண்டும். குளிப்பாட்டுவது, மூத்திரம் போவது பற்றியெல்லாம் ஒரு தாத்தா என்னிடம் பேசக் கூச்சப்படுவார், ஒரு பையனிடம் சொல்வார். வடசென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொரு பலம் இருக்கிறது. 'வூட்ல நாஸ்டா துன்னீங்களா' என்று ஆயா கேட்கிற பாஷையிலேயே பதில் சொல்லத் தெரியும், அதை எந்தக் கல்லூரியும் கற்றுத்தர முடியாது.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி, எங்கெல்லாம் அனுப்புகிறார்கள், எழுதிக்கொடுக்கும் அறிக்கையை யார் படிக்கிறார்கள், முதியோர் சம்பந்தமாக அனுப்பும் இடம் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். மருத்துவ, மனநலப் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். சேருமுன் ஒரு நாள், உங்கள் தெருவிலேயே படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போய், அவரைப் பார்த்துக்கொள்கிறவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த வருஷப் பக்கங்களில் சமூகப் பணிக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். சேர்க்கை விவரம், கட்டணம், உதவித்தொகை, வேலை கிடைக்கும் இடங்கள் எல்லாம் சேர்த்துப் போடுங்கள். விவரங்களைத் திரட்டித் தர நானும் என்னோடு வேலை செய்கிறவர்களும் தயார்.

இப்படிக்கு,
ஒரு சமூகப் பணியாளர்,
கொருக்குப்பேட்டை, சென்னை-21.